முப்பது மைல் மிச்சம்

பிரிட்டாவின் அம்மா அர்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அதனால் வயிற்றுவலி என்று பொய் சொல்லி மட்டம் போடும் சுகம் பிரிட்டாவுக்கு வாய்த்ததே இல்லை. மற்ற பிள்ளைகள் பேருந்தைத் தவறவிடலாம். இவள் வீட்டு வாசலிலிருந்துதான் பேருந்தே கிளம்பும்.

ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அம்மாவே சொன்னார். "இன்னைக்கு நீ வர வேணாம், கண்ணு. வீட்டுலயே இரு."

பிஸ்கட் செத்துப் போயிருந்தது.

பிஸ்கட் ஒரு குதிரை. பதினொரு வயதுப் பிரிட்டாவைவிட அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் வயது. அவள் தரையில் நடக்கப் பழகும் முன்பே அதன் முதுகில் உட்காரப் பழகியவள். கடைசிக் காலத்தில் அதற்குப் பல் எல்லாம் விழுந்துவிட்டது. தினமும் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தது பிரிட்டாதான். அன்று காலையும் வாளியோடு போனாள். வேலியோரம் அது படுத்துக் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காது அசையவில்லை.

அப்பா டெல் டிராக்டரை எடுத்து வந்தார். கையில் சங்கிலி இருந்தது.

"புதைச்சிடலாம்பா," என்றாள் பிரிட்டா.

"தரை இன்னும் உறைஞ்சு கல்லா கிடக்கும்மா. கடப்பாரை கூட இறங்காது. எல்லாம் போற இடத்துக்குத்தான் பிஸ்கட்டும் போகணும்."

எல்லாம் போகிற இடம் என்றால் எலும்புப் பள்ளம். எங்கள் சமவெளியில் பண்ணைக்கு ஒரு பள்ளம் இருக்கும். செத்த மாடு, பனியில் பிழைக்காத கன்று எல்லாவற்றையும் அங்கே இழுத்துப்போய்ப் போட்டுவிடுவோம். மீதியை நரியும் கழுகும் பார்த்துக்கொள்ளும். பிரிட்டாவின் அப்பாவும் அவருடைய அண்ணன் வெர்லினும் பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். இருவருக்கும் பொதுவாக, எல்லை வேலியோரம் ஒரே பள்ளம் இருந்தது.

வெர்லின் பெரியப்பாவுக்கு அந்தப் பள்ளத்தின்மேல் அபார நம்பிக்கை. "அங்க வயிறு ரொம்பிட்டா, இங்க கொட்டில் பக்கம் எதுவும் தலை காட்டாது," என்பார். எங்கள் ஊரில் இதை நம்பாதவர்கள் குறைவு. காபிக்கடையில் உட்கார்ந்து சொன்னால் எல்லாருடைய தலையும் ஆடும்.

சங்கிலி இறுகியது. டிராக்டர் கிளம்பியது. பிரிட்டா வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை, மாடுகளின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து வரும்படி அப்பா பிரிட்டாவையும் தம்பி ஓலியையும் அனுப்பினார். பழைய பிக்கப் வண்டியைப் பிரிட்டாதான் ஓட்டினாள். சாலையில் என்றால் போலீஸ் பிடிக்கும். பண்ணைக்குள் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுவார்கள். அவள் உயரத்துக்கு இரண்டு தலையணை வேண்டும், அவ்வளவுதான். ஓலிக்கு ஆறு வயது. வேலிக் கதவுகளை இறங்கித் திறந்து மூடுவது அவன் வேலை. ஒவ்வொரு கதவுக்கும் ஒருமுறை, "எனக்கு மட்டும் ஏன் இந்த வேலை?" என்று கேட்பது அவன் பழக்கம்.

தொட்டியைப் பார்த்த பிறகு பிரிட்டா வீட்டுப் பக்கம் திருப்பவில்லை.

"எங்க போறோம்?" என்றான் ஓலி.

"பிஸ்கட்டை ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்."

பள்ளத்துக்கு எதிரே இருந்த மேட்டில் ஏறி வண்டியை நிறுத்தினாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் முழுவதும் தெரியும். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பழுப்பாக ஏதோ அசைந்தது. தோளில் திமில், அகன்ற முகம், நுனி வெளுத்த ரோமம். இவ்வளவு பெரிய உருவம் எங்கள் பக்கத்தில் மாட்டைத் தவிர வேறு எதற்கும் கிடையாது. இது மாடு இல்லை.

அது மண்ணையும் புல்லையும் முன்னங்காலால் வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. மண்ணுக்கு நடுவே பிஸ்கட்டின் வெள்ளைக் கால் ஒன்று நீட்டிக்கொண்டு தெரிந்தது.

"அக்கா," என்று கிசுகிசுத்தான் ஓலி, "அது பிஸ்கட்டைப் புதைக்குது. அப்பாவால முடியல. அது செய்யுது பாரேன்."

பிரிட்டாவுக்கு விஷயம் தெரியும். நாய் எலும்பை ஒளித்து வைப்பதுபோல, கரடி தன் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறது. நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும், தீரும் வரை வரும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. அழுகைகூட வரவில்லை.

"அது என் குதிரை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கரடி தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தது. பிரிட்டா ஹார்ன் அடிக்கவில்லை, கத்தவில்லை. கியரைப் பின்னுக்குப் போட்டு, மெதுவாக மேட்டின் மறுபக்கம் இறக்கினாள். வழியில் இருந்த கதவுகளை ஓலி ஒரு வார்த்தை பேசாமல் திறந்து மூடினான்.

மறுநாளைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. கிரிஸ்லி என்ற இந்தப் பெரிய பழுப்புக் கரடி என்றால் மேற்கே மலைப்பக்கத்து ஆட்களின் தலைவலி. எங்கள் சமவெளியில் ஒன்று காலெடுத்து வைத்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது. காபிக்கடைக் கூட்டம் உடனே அதற்கு 'டூரிஸ்ட்' என்று பெயர் வைத்தது. "ரூம் போட்டிருக்கா, இல்ல சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பிரிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா வனவிலங்குத் துறையின் கரடி அதிகாரிக்குப் போன் செய்தார். கோரா டீக் என்ற பெண்மணி. கூண்டுக்கு இரை வைப்பதற்காக அழுகிய இறைச்சியை எப்போதும் வண்டியில் வைத்திருப்பார். அதனால் அவர் வருவதற்கு முன் அவருடைய வாடை வந்து சேரும்.

"நீங்க குளிக்க மாட்டீங்களா?" என்று கேட்டான் ஓலி.

"தினமும் ரெண்டு தடவை குளிக்கிறேன், தம்பி. போகவே மாட்டேங்குது," என்றார் டீக். அம்மா ஓலியை முறைத்துவிட்டுக் காபி ஊற்றினார்.

சமையலறை மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெர்லின் பெரியப்பாவும் வந்திருந்தார். எங்கே போனாலும் அவருடைய நாய் கூடவே வரும். அவர் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு, ரொட்டித் துண்டுக்காக அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

டீக் தன் கணினியில் வரைபடத்தைக் காட்டினார். கரடியின் கழுத்துப்பட்டையில் ஒரு கருவி இருந்தது. அது போன இடமெல்லாம் சிவப்புக் கோடாகத் தெரிந்தது. மலையில் தொடங்கிய கோடு வளைந்து, திரும்பி, ஆற்றோடு இறங்கி, இந்தப் பண்ணை வரை வந்திருந்தது.

"நூத்தி முப்பது மைல் நடந்து வந்திருக்கான்," என்றார் டீக். "மூணு வயசு. அம்மாக்காரி துரத்தி விட்டுட்டா, அது அவங்க வழக்கம். மலையில தங்கலாம்னு பார்த்தான். அங்க பெரிய ஆண் கரடி ஒண்ணு இருக்கு, இவனைக் கடிச்சு விரட்டிருச்சு. கீழ இறங்கினான், ஊர் நாய்ங்க விரட்டிச்சு. ஒரு வீட்டுல கோழிக்கூண்டை உடைச்சான். அப்ப நான்தான் பிடிச்சு, இந்தப் பட்டையை மாட்டி, மலைக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டேன். மறுபடியும் நடந்து வந்துட்டான்."

"ஏன்? வேற இடமே கிடைக்கலையா அதுக்கு?" பிரிட்டாவின் குரல் அவள் நினைத்ததைவிடக் கோபமாக வந்தது.

"கிடைக்கல. அதைத்தான் தேடிட்டு இருக்கான்," என்றார் டீக்.

வரைபடத்தில் கிழக்குப் பக்கமாக விரலை நகர்த்தினார். "இன்னும் முப்பது மைல் போனா மிசௌரி ஆத்துப் பள்ளத்தாக்கு. ஆளும் கம்மி, மாடும் கம்மி. அங்க போய்ச் சேர்ந்துட்டான்னா யாரும் அவனைக் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா இங்க சாப்பாடு கிடைச்சா இங்கயே தங்கிடுவான். தங்கினா என்னைக்காவது ஒரு கன்னுக்குட்டி மேல பாய்வான். ஒரு தடவைதான் மன்னிப்பு, அது முடிஞ்சு போச்சு. அடுத்த தடவை நான் அவனைக் கொன்னாகணும். அதான் சட்டம்."

நாய் வாலால் தரையைத் தட்டியது.

"பள்ளத்தைக் காலி பண்ணிடுங்க," என்றார் டீக். "எல்லாத்தையும் அள்ளி நகராட்சிக் குப்பைக்கிடங்குல போட்டுடலாம். நான் கூட நின்னு காவல் பார்க்கிறேன். ஒண்ணும் இல்லேன்னா அவன் நடையைக் கட்டிடுவான்."

பெரியப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கிற பள்ளம். அதைக் காலி பண்ணினா அது நேரா என் கொட்டிலுக்குத்தான் வரும். உங்களுக்கு மாடு இருக்கா, மேடம்? இல்லையே."

நாய்க்கு ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுவிட்டு வெளியே போனார். அப்பாவும் சமாதானம் பேசப் பின்னால் போனார். கோழிகளுக்குத் தீனி போடும் சாக்கில் பிரிட்டாவும் போனாள்.

"டேய் டெல், நீ கவலைப்படாத," என்று பெரியப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். "குதிரை அங்க கிடக்கிற வரைக்கும் அது வரத்தான் போகுது. நான் துப்பாக்கியோட மேட்டுல உக்காந்துக்கிறேன். என் மேல பாஞ்சுதுன்னு சொல்லிட்டாப் போச்சு. யாரு பார்த்தா?"

"அண்ணே, அது தப்பு."

"தப்புன்னா நீ பார்க்காத."

பிரிட்டா தீனியை அப்படியே தரையில் கொட்டிவிட்டு டீக்கின் வண்டியிடம் ஓடினாள். டீக் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"மிஸ் டீக், எப்ப எடுத்துட்டுப் போகலாம்?"

"எதை?"

"பிஸ்கட்டை."

அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். "பிரிட்டா, அது குப்பைக்கிடங்குடா. அங்க பழைய டயர், உடைஞ்ச ஃபிரிட்ஜ் எல்லாம்..."

"தெரியும்பா. எனக்கு அந்தக் கரடியைப் பிடிக்கல. சுத்தமாப் பிடிக்கல. ஆனா பிஸ்கட்டைத் தூண்டில் புழுவா வைக்க நான் விடமாட்டேன். அது என் குதிரை." இப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டியது. "நான் சொன்னா எடுத்துடுவீங்கதானே?"

அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "சங்கிலியை எடுத்துட்டு வா," என்றார்.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ," என்று பெரியப்பா தன் வண்டியிலிருந்து கத்தினார். "எனக்கு வேற பள்ளமே கிடைக்காதா?"

கரடி பகலில் ஆற்றோரப் புதருக்குள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போனார்கள். டீக் துப்பாக்கியோடு காவல் நின்றார். அப்பா டிராக்டரால் ஒவ்வொன்றாக அள்ளி வண்டியில் ஏற்றினார். பிஸ்கட்டை ஏற்றும்போது பிரிட்டாவைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். அவள் திரும்பவில்லை.

குப்பைக்கிடங்கில் ஃபிரிட்ஜுகள் கதவு இல்லாமல் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு குழி தயாராக இருந்தது. அங்கே வேலை செய்பவர் வண்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பிஸ்கட்டுக்கு யாராவது தொப்பியைக் கழற்றினார்கள் என்றால் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை டீக் பேருந்தை வழியிலேயே நிறுத்தினார். பேருந்து முழுக்கப் பிள்ளைகள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"நேத்து சாயங்காலம் வந்தான்," என்று பிரிட்டாவிடம் சொன்னார். "பள்ளத்தைச் சுத்திச் சுத்தி வந்தான். கொஞ்சம் தோண்டிப் பார்த்தான். அப்புறம் கிழக்கே கிளம்பிட்டான்."

"போயிட்டானா?"

"போயிட்டே இருக்கான்."

பிரிட்டா அன்று வகுப்பில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது மைல் என்பது அம்மாவின் பேருந்து தினமும் போகும் தூரத்தைவிடக் குறைவு. ஒரு கரடிக்கு அது எம்மாத்திரம் என்று நினைத்தாள்.

ஆனால் டூரிஸ்ட் முப்பது மைல் போகவில்லை. பெரியப்பாவின் பண்ணையைக்கூடத் தாண்டவில்லை.

பெரியப்பா சொன்னபடியே செய்திருந்தார். தன் கொட்டிலுக்குப் பின்னால், புதர் மறைவில், புதிதாக ஒரு பள்ளத்தைப் பிடித்திருந்தார். பனியில் செத்த இரண்டு கன்றுகளை அதில் போட்டிருந்தார். கிழக்கே நடந்துகொண்டிருந்த கரடிக்குக் காற்றில் வாடை வந்தது. அது நின்றது. டீக் போய்க் கெஞ்சினார். பெரியப்பா வேலிக் கதவைத் திறக்கவில்லை. "அது தின்னுட்டுப் போகட்டும், என் உயிருள்ள கன்னைத் தொடாது," என்று கதவுக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னார்.

இரண்டு செத்த கன்றுகளும் தீர்ந்தன. அதற்குள் கரடிக்கு அந்த இடம் பழகிவிட்டது. பத்தடி தள்ளிக் கொட்டிலில் உயிருள்ள கன்றுகள் நின்றன. அதற்கு இது வேறு, அது வேறு என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு ராத்திரி அவற்றில் ஒன்றை அடித்துத் தின்றது.

டீக் குழாய் வடிவிலான பெரிய இரும்புக்கூண்டு ஒன்றை அங்கே வைத்தார். கரடி எளிதாக மாட்டிக்கொண்டது. பசிக்குச் சாப்பாடு கிடைக்கும் இடம் என்று அது அந்த இடத்தை நம்பியிருந்தது.

அன்று மாலை டீக் பிரிட்டாவின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார். பிரிட்டா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாடை அன்று அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. மயக்க ஊசி போட்டுத்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டிருக்கலாமே."

"எங்க விடறது?" டீக் தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க போனாலும் ஏற்கெனவே ஒரு கரடி இருக்கு. இல்லேன்னா ஒரு பெரியப்பா இருக்கார்."

தன் குதிரையைத் தின்ற கரடிக்காக வருத்தப்படுவது பிரிட்டாவுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வருத்தம் வந்தது. "அப்ப பிஸ்கட்டைக் குப்பையில போட்டதெல்லாம் வீண்தானே?" என்று கேட்டாள். "ஆமா," என்றார் டீக். பொய் சொல்லாமல் இருந்ததற்காகவே பிரிட்டாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

காபிக்கடையில் பெரியப்பாவுக்கு அந்த வாரம் முழுவதும் யாராவது காபி வாங்கிக் கொடுத்தார்கள். "நான்தான் சொன்னேனே, அது கன்னைத்தான் பிடிக்கும்னு," என்று அவர் சொல்ல, தலைகள் ஆடின. பிரிட்டா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் வீட்டுக்கு வந்தால் எழுந்து மாடிக்குப் போனாள்.

"நீ பேசாம இருக்கிறதால அவருக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் அம்மா.

"எனக்கு ஒண்ணும் குறையலையே," என்றாள் பிரிட்டா.

மே மாதத்தில் டீக் மறுபடி போன் செய்தார். ஆற்றின் மேல்பக்கம் புதிதாக ஒரு கரடி தென்பட்டதாம். இதுவும் இளசு, கழுத்துப்பட்டைகூட இல்லை. "அதே ஆத்தங்கரை, அதே வழி," என்றார். "வருஷா வருஷம் வருவாங்க. பார்த்து இருங்க."

பிரிட்டாவுக்கு உடனே நினைவு வந்தது கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம்தான். பெரியப்பா அதை மூடவில்லை. அதில் இப்போது செத்த மாடுகளும் கன்றுகளும் சேர்ந்து கிடந்தன.

அதே சமயத்தில்தான் பெரியப்பா பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள் வந்தது. எந்தக் கன்று யாருடையது என்று தெரிய, வசந்தத்தில் ஒவ்வொரு பண்ணையும் தன் அடையாளத்தைச் சூட்டுக்கோலால் போடும். ஒரு வீட்டு ஆட்களால் மட்டும் முடிகிற வேலை இல்லை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வருவார்கள். இதற்குக் கூலி கிடையாது. நான் உன் பண்ணைக்கு வந்து ஒரு நாள் உழைத்தால், நீ எனக்கு ஒரு நாள் பாக்கி. நான் கேட்கும் நாளில், நான் சொல்லும் வேலைக்கு நீ வந்தாக வேண்டும். முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிகள்கூட இந்தப் பாக்கியை வைத்துக்கொண்டதில்லை.

"நான் வரல," என்றாள் பிரிட்டா.

"கோவம் வேற, இது வேற," என்றார் அம்மா. "பூட்ஸை மாட்டு."

வண்டியில் போகும்போது பிரிட்டா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, சின்னவங்க வேலை செஞ்சாலும் ஒரு நாள் கணக்குதானா?"

"ஏன் கேக்கிற?"

"சும்மாதான்."

அன்று அவள் செய்த வேலையை ஊர் இன்னும் பேசுகிறது. கன்றுகளின் பின்னங்காலைப் பிடித்து இழுத்து உட்கார்ந்தாள். உதை வாங்கினாள். முகமெல்லாம் சாணி. யாராவது "கொஞ்சம் உக்காரும்மா," என்றால் அடுத்த கன்றைப் போய்ப் பிடித்தாள். ஓலி தடுப்பூசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "எனக்கு மட்டும் ஏன் இந்த வேலை?" என்று அன்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மதியம் நீள மேசை போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். வறுத்த மாட்டிறைச்சியும் பீன்ஸும் பெரிய சாக்லேட் கேக்கும் இருந்தன. பிரிட்டா தண்ணீர் மட்டும் குடித்தாள். பெரியப்பா வழக்கப்படி ஒவ்வொருவரிடமும் போய், "உங்களுக்கு நான் எப்ப வரணும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் பேசாத மகளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று அவருக்கு ஆசை வந்திருக்க வேண்டும். பிரிட்டாவின் முன்னால் வந்து தொப்பியைத் தூக்கினார்.

"முதலாளியம்மாவுக்கு நான் எப்ப வரணும்?"

மேசை முழுவதும் சிரிப்பு எழுந்தது.

"நாளைக்கு," என்றாள் பிரிட்டா.

"நாளைக்கா? என்ன வேலைங்க, முதலாளியம்மா?"

"உங்க பள்ளத்துல கிடக்கிறதை எல்லாம் அள்ளிக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டு போகணும்."

சிரிப்பு நின்றது. பெரியப்பாவின் தொப்பி இன்னும் கையிலேயே இருந்தது.

"அது என் பள்ளம், பிரிட்டா."

"ஆமா. நாள் என்னோடது."

"சின்னப் பசங்க நாளெல்லாம் கணக்குல வராது," என்றார் அவர் மற்றவர்களைப் பார்த்து. யாராவது தலையாட்டுவார்கள் என்று காத்திருந்தார். ஒரு தலையும் ஆடவில்லை. தெற்குப் பக்கத்துப் பண்ணைக்காரி லுவெல்லா மட்டும் கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"வெர்லின், எனக்கு அப்ப ஒன்பது வயசு. உங்க வீட்டுல ஒரு நாள் கன்னு பிடிச்சேன். பதிலுக்கு உங்க அப்பா வந்து எங்க வேலியைச் சரி பண்ணிக் குடுத்தார். அவருக்குக் கணக்குல வந்துது."

பெரியப்பா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவர் முகம் சிவந்திருந்தது.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே டிராக்டரோடு நின்றார். அவர் அள்ளினார், அவள் சங்கிலியை மாட்டினாள். கடைசிச் சுமையைக் குப்பைக்கிடங்கில் தள்ளிய பிறகு, அவர் வண்டியின் படியில் உட்கார்ந்தார். நாய் அவர் முழங்காலில் மோவாயை வைத்தது. பையில் இருந்த ரொட்டியை எடுத்தார்.

"நான் கெட்டது நினைச்சுப் போடல," என்றார். "பசி அடங்கினா கன்னை விட்டுடும்னுதான் நினைச்சேன்."

"தெரியும்," என்றாள் பிரிட்டா. முந்தின நாள் மேசையில் பேசியதைத் தவிர, அவரோடு அவள் பேசியே பல வாரம் ஆகியிருந்தது. "பெரியப்பா, நீங்க இவனுக்கு ரொட்டி போடறீங்களே, அதனால இவன் மேசையை விட்டுப் போறானா?"

பெரியப்பா நாயைப் பார்த்தார். அது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ரொட்டியைக் கொடுக்கவும் முடியாமல், திரும்பப் பையில் வைக்கவும் முடியாமல் அவர் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஓலி மூச்சிரைக்க ஓடி வந்தான். பெரியப்பாவின் பள்ளத்துச் சேற்றில் தடம் இருந்தது. ஓலியின் இரண்டு பூட்ஸும் ஒன்றாக உள்ளே நிற்கும் அளவு பெரிய தடம். பள்ளத்துக்குள் வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கொட்டில் பக்கம் திரும்பாமல் ஆற்றோரமாகவே கிழக்கே போயிருந்தது. கொட்டிலில் கன்றுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

"டூரிஸ்ட் திரும்பி வந்துட்டானா?" என்றான் ஓலி.

"இல்ல," என்றாள் பிரிட்டா. "அவன் வர மாட்டான். இது வேற." சொல்லும்போது அவளுக்கு வலித்தது. இதே வழியில்தான் அவனும் போயிருப்பான்.

பெரியப்பா தடத்தின் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்தார். வேலிக்கு அப்பால் அடுத்த பண்ணை தெரிந்தது.

"இன்னும் முப்பது மைல் போகணும் இல்ல?"

"ஆமா. வழியில ஆறு பண்ணை இருக்கு. அடுத்தது ஹார்லனோடது."

"ஹார்லனா? அவன் பள்ளம் என்னோடதைவிடப் பெருசு. ஆளும் என்னைவிட மோசம்."

"தெரியும். சனிக்கிழமை அவர் வீட்டுல கன்னுக்குச் சூடு போடறாங்க. நான் போறேன்."

பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பூட்ஸில் ஒட்டிய சேற்றை வேலிக் கம்பத்தில் நிதானமாகத் தேய்த்தார்.

"அந்தப் பள்ளத்துக்கு உன் ஒரு நாள் பத்தாது," என்றார். "நானும் வரேன்."